கயிறு பிடித்த கரம்

 

இம்மாதம் உங்களைக் கடலுக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். கரையில் அமர்ந்து காற்று வாங்குவதற்கல்ல. கடலுக்குள்ளேயே, ஏறத்தாழ முப்பதடி ஆழத்திற்கு! அஞ்ச வேண்டாம். போனவன் பத்திரமாகத் திரும்பி வந்துதான் இதனை எழுதிக்கொண்டிருக்கின்றேன். எப்படித் திரும்பி வந்தேன் என்பதே இம்மாதச் செய்தி.

நான் கீழக்கரையில் பிறந்தவன். என் பாட்டனார் சங்கு குளிக்கும் தொழிலில் தலை நரைத்தவர். தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டு நடைபெற்ற கடைசி முத்துக்குளிப்பிலும் இறங்கியவர். மூச்சுக் கருவியோ, முகக் கண்ணாடியோ எதுவும் அந்நாளில் அவரிடம் கிடையாது. காலடியில் ஒரு கல், இடுப்பில் ஒரு கயிறு, கழுத்தில் ஒரு வலைப்பை, இவ்வளவுதான். ஒரு மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு கல்லோடு இறங்குவார். ஒரு நிமிடம் கடந்ததும் கயிற்றை அசைப்பார். படகில் நிற்பவர் இழுத்து மேலேற்ற வேண்டும்.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பது? "மச்சான்தான் பிடிக்க வேண்டும்" என்று எங்கள் பாட்டியார் சொல்வார். மனைவியின் உடன்பிறந்தவன் கையில் கயிறு இருந்தால், தன் சகோதரி கைம்பெண் ஆகிவிடக் கூடாதே என்ற கவலையில் ஒரு நொடியும் கண்ணயர மாட்டானாம். கடற்கரை ஊர்களில் இன்றும் வழங்கும் பேச்சு இது. சிறுவயதில் இதனை வேடிக்கைக் கதையாகவே கேட்டேன். ஐம்பத்திரண்டு வயதில், மாலத்தீவுக் கடலடியில், இதன் பொருள் எனக்கு விளங்கியது.

* * *

என் மனைவியின் தம்பி மாலே நகரில் ஒரு நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றுகின்றார். பல ஆண்டுகளாக அங்கேயே இருப்பவர். கடலுக்குள் மூழ்குவதை முறையாகக் கற்றுச் சான்றிதழும் பெற்றவர். "ஒரு முறை எல்லோரும் வந்து தங்கிவிட்டுப் போங்கள்" என்று ஆண்டுதோறும் அழைப்பார். ஆண்டுதோறும் நான் ஏதேனும் ஒரு காரணம் கூறித் தட்டிக் கழிப்பேன்.

உண்மைக் காரணத்தை இங்கே மறைப்பதற்கில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் இருவரும் கூட்டாக ஒரு கடை நடத்தினோம். பணம் அவருடையது; உழைப்பு என்னுடையது. விடுமுறையில் வந்தவர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு உறவினர் நால்வர் கூடியிருந்த இடத்தில், "மச்சான், கல்லாவில் இருந்து எடுத்த பணம் பல இடங்களில் எழுதப்படவில்லையே" என்றார். நான் மோசடி செய்யவில்லை. ஆனால், எழுதவில்லை என்பது உண்மை. என் முகம் சிவந்தது. கடையைப் பிரித்துக்கொண்டோம். அதன் பின்னர் பெருநாளைக்கு ஒரு ஸலாம், திருமண வீட்டில் ஒரு முஸாபஹா. அதற்கு மேல் பேச்சில்லை. என் இல்லாள்தான் இரு பக்கமும் நின்று தவித்தாள். கடைசியில் அவளும் மகளும் சேர்ந்து பயணச் சீட்டையே வாங்கிவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்திற்குள் மாலே வந்துவிடுகின்றது. ஆறு ஆண்டுகளாக நான் கடக்காத தூரம் அவ்வளவுதான்!

மாலத்தீவு நமக்கு அந்நியமான நாடன்று. நம் சமையலறையில் மணக்கும் மாசி அங்கிருந்து வருவதுதான். தூத்துக்குடித் தோணிகள் அரிசியும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு அத்தீவுகளுக்குச் சென்ற வரலாறு நீண்டது. 1153ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவிய நாடு அது. உலகப் பயணி இப்னு பதூதா 1343இல் அங்கு வந்து, காஜியாகப் பதவி வகித்து, அடுத்த ஆண்டில் இலங்கைக்கும், பின்னர் அரபியர் 'மஅபர்' என்று அழைத்த நம் தமிழ்க் கரைக்கும் வந்து சேர்ந்தார். சோழிகளும் தென்னை நார்க் கயிறும் அங்கிருந்து கப்பலேறியதை அவர் எழுதி வைத்திருக்கின்றார். மாலே நகரில் 1658இல் கட்டப்பட்ட பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளியைக் கண்டேன். சுவர் முழுவதும் பவளக்கல். அதில் மரத்தில் செதுக்கியதுபோல் நுணுக்கமான வேலைப்பாடு! கடல் தந்த கல்லைக்கொண்டே கடல் சூழ்ந்த மக்கள் இறையில்லம் எழுப்பியிருக்கின்றார்கள். சுப்ஹானல்லாஹ்!

மொத்தம் சுமார் 1,200 தீவுகள். அவற்றில் மக்கள் குடியிருப்பவை ஏறத்தாழ இருநூறு. 1972இல் முதல் சொகுசு விடுதி தொடங்கப்பட்டது. அதன்பின் நெடுங்காலம், வெளிநாட்டார் தங்குவதற்கு ஆளில்லாத் தீவுகளே ஒதுக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டுக்குப் பின் மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் பெருகின. எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தார்க்கு இவையே ஏற்றவை. மாலேயில் இருந்து பொதுப் படகில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து மாஃபுஷி என்னும் தீவில் இறங்கினோம். ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நடந்தால் ஒன்றேகால் கிலோமீட்டர். பாங்கு ஒலித்ததும் கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டுப் பள்ளியை நோக்கி நடந்தார்கள். வீதியில் மது கிடையாது. குளிக்கும் வெளிநாட்டார்க்கு வேலியிட்ட தனிக் கடற்கரை. பெண்மக்களுடன் செல்வோர்க்கு மனம் அமைதிப்படும் இடம்.

* * *

சென்ற அன்று மாலையே மைத்துனர் எங்களை மூழ்கு பயிற்சி நிலையத்திற்கு அழைத்துச் சென்றார். முதல் முறை மூழ்குவோர் பயிற்சியாளரின் துணையோடு 12 மீட்டர் வரை இறங்கலாம். பதினாறு வயதான என் மகள் துள்ளினாள். அவளுக்கு அந்நாட்டுப் பெண் பயிற்சியாளர் ஒருவர் அமைந்தது எங்களுக்கு நிம்மதி தந்தது. உடல் முழுவதையும் மூடும் நீர்ச்சட்டை, தலைக்கும் ஓர் உறை. "இதைவிட அடக்கமான உடை உண்டா வாப்பா?" என்று மகள் சிரித்தாள்.

பின்னர் ஒரு படிவத்தை நீட்டினார்கள். ஆஸ்துமா உண்டா? காதில் அறுவை சிகிச்சை நடந்ததா? இதய நோய் உண்டா? இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்கின்றீரா? ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குறிக்க வேண்டும். ஏதேனும் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் மருத்துவரின் ஒப்பம் இன்றி இறங்க இயலாது.

நான் மூன்று ஆண்டுகளாக இரத்த அழுத்தத்திற்கு நாளொரு மாத்திரை உட்கொள்பவன். பேனா 'இல்லை' என்ற கட்டத்தின் மேல் நின்றது. ஒரு சிறு மாத்திரைதானே, இதற்காக ஒரு நாளை வீணாக்குவதா என்று மனம் சொல்லிற்று. பக்கத்தில் நின்ற மைத்துனர் தாழ்ந்த குரலில், "மச்சான், நீங்கள் மாத்திரை சாப்பிடுவதாக ராத்தா சொன்னார்களே" என்றார்.

பழைய தழல் நெஞ்சில் மீண்டும் பற்றியது. அன்று கணக்குப் புத்தகம், இன்று படிவமா? மகளுக்கு முன்னால், அயலாருக்கு முன்னால்! ஒன்றும் பேசாமல் 'ஆம்' என்று குறித்து, படிவத்தை மேசையின் மேல் எறியாத குறையாக வைத்துவிட்டு வெளியேறினேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அலையோசைக்கிடையே பாட்டனாரின் நினைவு வந்தது. அவருக்கு இடச்செவி கேளாது. நாங்கள் எப்போதும் வலப்பக்கம் அமர்ந்தே பேசுவோம். அதன் காரணத்தையும் பாட்டியார் சொல்லியிருக்கின்றார். ஒரு நாள் பாட்டனாருக்குக் கடுமையான தடுமன். கயிறு பிடிக்கும் மச்சான், "இன்று இறங்க வேண்டாம், நான் கயிறு பிடிக்க மாட்டேன்" என்று மறுத்துவிட்டார். பாட்டனாருக்குக் கோபம். "உன்னை விட்டால் ஆளில்லையா?" என்று வேறொருவரைக் கயிறு பிடிக்க வைத்து இறங்கினார். அன்று வெடித்ததுதான் அந்தச் செவிப்பறை. வேறொருவர் கயிற்றைச் சரியாகவே பிடித்தார். ஆனால், இறங்காதே என்று சொல்லும் உரிமையும் துணிவும் அவருக்கில்லை.

காலையில் எவரும் அழைக்காமலேயே தீவின் சுகாதார நிலையத்திற்குச் சென்றேன். மருத்துவர் அழுத்தத்தை இரு முறை அளந்தார். நெஞ்சையும் செவியையும் சோதித்தார். மருந்தால் கட்டுக்குள் இருப்பதாகக் கண்டு படிவத்தில் ஒப்பமிட்டார். மைத்துனரிடம் அதை நீட்டினேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொன்னார். சற்று நேரம் கழித்து, "மச்சான், மீசையைச் சற்று ஒட்ட நறுக்கிக்கொள்ளுங்கள். மேலுதட்டில் மயிர் இருந்தால் முகக் கண்ணாடி சரியாக ஒட்டாது, நீர் கசியும்" என்றார். அதற்கும் இவருக்குப் பணிய வேண்டுமா என்ற வீம்பில் நறுக்காமல் விட்டேன்.

* * *

அன்று மாலை படகுத்துறையில் அமர்ந்து தேநீர் அருந்தியபடி, மைத்துனர் மகளுக்குச் சொல்வதுபோல் எனக்கும் சேர்த்துச் சில செய்திகளை விளக்கினார். வாசகர்க்கும் பயன்படும் என்பதால் அவற்றைத் தருகின்றேன்.

ஸ்கூபா என்பது, மூழ்குபவர் தமக்கு வேண்டிய காற்றைத் தாமே சுமந்து செல்லும் முறை. இன்றைய கருவிக்கு முன்னோடியை 1943இல் பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும் உருவாக்கினார்கள். முதுகில் இருக்கும் சிலிண்டரில் பிராணவாயு மட்டுமே இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நாம் இங்கே சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான் உள்ளே இருக்கின்றது. 11 லிட்டர் கொள்ளளவுள்ள உருளைக்குள் சுமார் 2,200 லிட்டர் காற்றை அழுத்தி அடைத்திருக்கின்றார்கள். வாயில் கவ்வும் ரெகுலேட்டர், ஆழத்திற்கேற்ற அழுத்தத்தில் அக்காற்றை மூச்சு மூச்சாகத் தருகின்றது.

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்காகும். இருபது மீட்டரில் மும்மடங்கு. ஊதிய பலூனைப் பத்து மீட்டர் ஆழத்திற்குக் கொண்டு சென்றால் அது பாதியாகச் சுருங்கும். செவிக்குள் உள்ள காற்றும் அவ்வாறே சுருங்கி வலிக்கும். ஆகவே, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிச் செவியைச் சமன் செய்தபடியே இறங்க வேண்டும். தடுமன் இருந்தால் அந்த வழி அடைபடும். பாட்டனாரின் செவிக்கு நேர்ந்தது இதுதான்!

ஏறும்போது நிலைமை நேர்மாறு. ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலேற மேலேற விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரலே கிழிந்துவிடக் கூடும். பாட்டனார் மேலே இழுத்த மூச்சோடு இறங்கியவர். அது சுருங்கி மீண்டும் பழைய அளவுக்கே விரியும். ஸ்கூபாவில் ஆழத்திலேயே மூச்சு இழுக்கின்றோம். ஆகவே முதல் விதி: ஒருபோதும் மூச்சை அடக்காதே. இரண்டாவது விதி: அவசரமாக ஏறாதே. காற்றில் உள்ள நைட்ரஜன் அழுத்தத்தின் காரணமாக இரத்தத்தில் கரைந்திருக்கும். வேகமாக ஏறினால், சோடாப் புட்டியைத் திறந்ததும் பொங்குவதுபோல் அது குமிழிகளாகிப் பெருந்துன்பம் விளைவிக்கும். மூழ்கிய உடனே விமானம் ஏறக் கூடாது என்பதும் இதனால்தான். ஒருமுறை மூழ்கினால் குறைந்தது பன்னிரண்டு மணி நேரமும், பலமுறை மூழ்கினால் பதினெட்டு மணி நேரமும் கழிய வேண்டும்.

"மூன்றாவது விதி?" என்று மகள் கேட்டாள்.

"தனியாக மூழ்காதே. உன் இணையை விட்டு விலகாதே. ஒவ்வொருவரிடமும் வாயில் ஒன்று, மாற்றாக ஒன்று என இரண்டு மூச்சுக் குழாய்கள் இருக்கின்றன. இரண்டாவது குழாய் எனக்காக அல்லம்மா, என் இணைக்காக" என்றார் மைத்துனர்.

"வாப்பாவுக்கு இணை யார்?"

சற்று மௌனம். "மாமாதான்" என்றேன் நான்.

* * *

மறுநாள் ஸுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு படகேறினோம். என் இல்லாள் படகில் அமர்ந்துகொண்டாள். அவள் கையில் தேநீர்க் குடுவை, உதட்டில் திக்ரு. காற்றடைக்கும் சட்டையும் ஈயக் கச்சையும் சிலிண்டரும் பூட்டியபின் எழுந்து நிற்கவே இயலவில்லை. கை அடையாளங்களைப் பயிற்சியாளர் மீண்டும் நினைவூட்டினார். நாம் 'நலம்' என்று காட்டும் கட்டைவிரலுக்கு அங்கே 'மேலே போகலாம்' என்று பொருள். 'நலம்' என்றால் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்க வேண்டும். பிஸ்மி சொல்லிப் பின்புறமாகச் சாய்ந்தேன்.

இறங்கியதும் காதில் விழுந்தது என் மூச்சின் ஓசை மட்டுமே. இழுக்கும்போது ஒரு சீறல். விடும்போது குமிழிகளின் கலகலப்பு. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை மூச்சு விடுகின்றோம். ஒன்றையேனும் காது கொடுத்துக் கேட்டதுண்டா? தண்ணீர் இதமான சூட்டோடு இருந்தது. மீட்டருக்கு ஒரு முறை மூக்கைப் பிடித்து ஊதினேன். செவி திறந்துகொண்டது.

நான்கு மீட்டர், ஆறு மீட்டர். மைத்துனரின் சிவப்புக் கைக்கடிகாரப் பட்டை மங்கிச் சாம்பல் நிறமாவதைக் கண்டு வியந்தேன். சூரிய ஒளியின் நிறங்களில் சிவப்பைத்தான் கடல்நீர் முதலில் விழுங்குகின்றதாம். கீழே பவளத்திட்டு விரிந்தது. கிளைபோல் சில, மூளைபோல் சில, மேசைபோல் சில. கிளிமீன்கள் கூட்டமாகப் பாறையைக் கொறிக்கும் ஓசை தெளிவாகக் கேட்டது. அவை கொறித்துத் தின்று கழிப்பதே வெண்மணலாகின்றது. நாங்கள் நடந்த வெண்ணிறக் கரையில் பெரும் பகுதி அவ்வாறு உண்டானதே! கடற்சாமந்தியின் நச்சுக் கைகளுக்குள் ஒரு சிறு மீன் அச்சமின்றிக் குடியிருந்தது. பாறையிடுக்கில் இருந்து ஓர் அஞ்சாளை வாயைத் திறந்து திறந்து மூடிற்று. சீறுகின்றதோ என்று பின்வாங்கினேன். அது மூச்சு விடும் முறையே அதுதான் எனப் பிறகு அறிந்தேன். எங்களைப் பொருட்படுத்தாமல் ஓர் அழுங்காமை மிதந்து கடந்தது. அப்பால் மகளும் அவளுடைய பயிற்சியாளரும் கைகோத்து நின்று அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மீட்டர் ஆழத்தில் இருந்தோம். ஆமையைக் கண்ட மகிழ்ச்சியில் முகக் கண்ணாடிக்குள்ளேயே சிரித்துவிட்டேன் போலும். கன்னம் சுருங்கியதும் மேலுதட்டின் ஓரம் நீர் கசிந்தது. நறுக்காத மீசை தன் வேலையைக் காட்டிவிட்டது! ஒரு துளி, ஒரு கோடு, அடுத்த நொடியில் மூக்கு வரை உப்பு நீர். கண் எரிந்தது. முந்திய நாள் ஆழமற்ற நீரில் முழங்காலிட்டு இதற்கான பயிற்சி பெற்றவன்தான். அந்த நொடியில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மூக்கால் நீரை உறிஞ்சிவிட்டேன். தொண்டை அடைத்தது. உடல் முழுவதும் ஒரே கட்டளை: மேலே போ! மூச்சை அடக்கினேன். காலால் உதைத்தேன். உயிர் மேலேயே இருப்பதாக நெஞ்சு கதறியது.

ஒரு கரம் என் தோள்பட்டியை இறுகப் பற்றியது. இழுத்தேன், விடவில்லை. மறுகரம் என் நெஞ்சின் மீது விரிந்து பதிந்தது. மைத்துனரின் முகம் என் முகத்திற்கு நேராக வந்தது. எரியும் கண்ணால் மங்கலாகவே கண்டேன். அவர் தம் வாயருகே கையை வைத்து, மெல்ல வெளியே அசைத்துக் காட்டினார். ஊது. ஊது. நான் ஊதினேன். குமிழிகள் பொங்கின. பிறகு இழு. இழுத்தேன். காற்று வந்தது! காற்று அங்கேயே, என் வாயிலேயே இருந்தது. நான்தான் அதனை மறந்துவிட்டு மேலே தேடினேன்.

பயிற்சியாளரும் அருகே வந்து என் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டார். மைத்துனர் தம் கண்ணாடியின் மேல்விளிம்பை விரலால் அழுத்தி, தலையை நிமிர்த்தி, மூக்கால் ஊதிக் காட்டினார். நானும் அவ்வாறே செய்தேன். முதல் முறை பாதி நீர் வெளியேறியது. இரண்டாம் முறை முழுவதும். உலகம் மீண்டும் தெளிந்தது. அவர் விரல்களை வளையமாக்கி, நலமா என்று வினவினார். என் கை நடுங்கியது. வளையம் காட்டினேன். அவர் இடக்கரம் அப்போதும் என் தோள்பட்டியில் இருந்தது.

எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. படகில் இருந்த என் இல்லாளுக்குக் குமிழிகள் சற்று மிகுந்து தெரிந்திருக்கலாம், அவ்வளவே.

பிறகு மெல்ல ஏறினோம். நம் சிறு குமிழியையும் முந்தக் கூடாது என்பது கணக்கு. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். மேலே ஒளி, படகின் நிழல், தப்பிவிடும் தூரம். எனினும் நின்றோம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, பேச இயலாத இடத்தில், மூன்று நிமிடங்கள். ஆறு ஆண்டுகளில் அவர் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. காதோரம் நரைத்திருந்தது.

* * *

படகில் ஏறியதும் என் இல்லாள் தேநீரை ஊற்றித் தந்தாள். "எப்படி இருந்தது?" என்றாள். "உன் தம்பி கயிறு பிடித்தார்" என்றேன். அவளுக்குப் பாட்டியாரின் கதை தெரியும். தம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் மைத்துனர் பக்கம் திரும்பினேன். "தம்பி, அந்தக் கணக்கில் நீ சொன்னது சரி. நான் எழுதவில்லை. எவ்வளவு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஊருக்குப் போனதும் பழைய புத்தகத்தை எடுத்து உட்காருவோம். உனக்குச் சேர வேண்டியதைத் தருகின்றேன், இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

"பணத்திற்காகச் சொல்லவில்லை மச்சான்" என்றார் அவர். "ஆனால், நாலு பேர் நடுவில் சொன்னது என் பிழை. தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். படிவத்தின்போது அதனால்தான் மெதுவாகச் சொன்னேன்."

அந்தத் தாழ்ந்த குரலை நான் கேட்டேன். அதன் பொருளைக் கேட்கவில்லை. ஆறு ஆண்டுகளில் அவர் தம் பிழையைத் திருத்திக்கொண்டார். நான்தான் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அன்று மாலை தீவின் நாவிதரிடம் சென்று மீசையை நறுக்கிக்கொண்டேன் என்பதையும் வாசகர்க்கு அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன்!

* * *

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் கண்ட பவளத்திட்டில் அழகான பகுதி இருந்ததுபோல், எலும்புக் குவியலாய் வெளுத்துக் கிடந்த பகுதியும் இருந்தது. பவளம் கல்லன்று, சிற்றுயிர்களின் குடியிருப்பு. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் நிறமும் உணவும் தருகின்றது. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை சூடேறிப் பல வாரங்கள் நீடித்தால், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் பட்டினியால் மடிகின்றது. 1998இலும் 2016இலும் மாலத்தீவில் அவ்வாறு பெருஞ்சேதம் நேர்ந்தது. 2009 அக்டோபர் 17 அன்று அந்நாட்டு அதிபரும் அமைச்சர்களும் கடலுக்கடியில் இதே கருவிகளை அணிந்து அமைச்சரவைக் கூட்டம் நடத்தியது, தங்கள் தாழ்ந்த தீவுகளின் அபாயத்தை உலகிற்கு உணர்த்தவே.

நமக்கும் இதில் பங்குண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளத்திட்டுகள் இருக்கின்றன. 1986இல் அப்பகுதி தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னர் சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வண்டி வண்டியாக வெட்டியெடுத்தோம். அரணை இழந்த இரு தீவுகள் நீருக்குள் மூழ்கியே போயின. கடலுக்கும் நமக்கும் இடையிலும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கின்றது. எடுத்ததை எழுதாமல் விட்டவர்களில் நாமும் உண்டு.

விடுமுறையில் இத்தகைய இடங்களுக்குச் செல்லும் குடும்பத்தார்க்குச் சில சொற்கள். படிவத்தில் உண்மையை எழுதுங்கள். தடுமன் இருந்தால் இறங்காதீர்கள். முறையான பயிற்சியாளர் இன்றி இறங்காதீர்கள். பவளத்தைத் தொடாதீர்கள், நினைவுப் பொருளாக ஒரு துண்டையும் எடுத்து வராதீர்கள். திரும்பும் விமானத்திற்கு முன் ஒரு நாளேனும் ஓய்வுக்கு ஒதுக்குங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் ஒவ்வொருவர்க்கும் கயிறு பிடிக்க ஒருவர் இருக்கின்றார். மைத்துனராக இருக்கலாம், மூத்த சகோதரியாக, பழைய நண்பராக இருக்கலாம். 'இன்று இறங்காதே', 'இங்கே எழுதாமல் விட்டிருக்கின்றாய்' என்று அவர் சொன்ன ஒரு சொல்லுக்காக அவரோடு பேசாமல் இருக்கின்றோமா? கயிற்றின் மறுமுனையை அவர் இன்னும் விடவில்லை என்றே நம்புகின்றேன். இந்த இதழை மடித்து வைத்துவிட்டு, அதனை ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.